"என்சிஏஏ அனுமதி பெற்றது" என்று சொல்லி விற்கும் கடைகளை நம்பாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடும் பிள்ளைகளும் அவர்களை அனுப்பி வைத்த பெற்றோரும் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் பெயரைச் சொல்லி ஒரு சப்ளிமென்ட் கடைக்காரர் கூசாமல் சொன்ன பொய்யால் என் அக்கா மகனின் ஒரு வருடம் பறிபோயிருக்கும்.

கோயம்புத்தூர்ப் பையன். டிரிப்பிள் ஜம்ப்பில் ஸ்காலர்ஷிப் கிடைத்து ஒஹாயோவுக்கு வந்திருக்கிறான். கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்கு என்னோடுதான் வந்தான். பயிற்சிக்கு முன்னால் கலக்கிக் குடிக்கும் பவுடரைக் கேட்டபோதே, "நான் கல்லூரி அத்லெட், எங்களுக்கு டோப் டெஸ்ட் உண்டு" என்று தெளிவாகச் சொன்னான். "இது என்சிஏஏ அனுமதி பெற்றது, இந்தக் கல்லூரி டீம் பசங்க எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்று சொல்லி ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார் விற்பனையாளர்.

அப்படி ஒரு அனுமதியே உலகத்தில் கிடையாது. என்சிஏஏ எந்தச் சப்ளிமென்டுக்கும் ஒப்புதல் தருவதில்லை. எதை எடுத்தாலும் பொறுப்பு வீரருடையது என்பதுதான் அதன் விதி. அமெரிக்கச் சட்டமும் கைகொடுக்காது. 1994இல் வந்த சட்டப்படி, சப்ளிமென்ட்கள் கடைக்கு வரும் முன் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை.

பையன் டப்பாவைத் திறக்காமல் அணியின் டிரெய்னரிடம் கொண்டுபோனான். அவர் லேபிளைப் படித்துக்கொண்டே வந்து "பிட்டர் ஆரஞ்ச்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். அதில் இருப்பது சினெஃப்ரின். என்சிஏஏ தடைசெய்த ஊக்கிகளில் அதுவும் ஒன்று.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் சிக்குவது இங்கேதான். ஊரில் நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) சோதனைக்குப் பழகியவர்கள் வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) பட்டியலை வைத்தே யோசிப்பார்கள். வாடா பட்டியலில் சினெஃப்ரினுக்குத் தடை இல்லை. காஃபினையும் 2004லேயே எடுத்துவிட்டார்கள். என்சிஏஏவில் இரண்டுக்கும் சிக்கல் உண்டு. சிறுநீரில் காஃபின் ஒரு மில்லிலிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் பாசிட்டிவ். பவுடரிலேயே காஃபின் இருக்கும், அதன்மேல் காஃபின் உள்ள குவாரானா விதைச் சாறு, அப்புறம் காலையில் குடித்த காபி என்று அது ஏறிக்கொண்டே போகும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும், தடைசெய்த வகையோடு வேதியியல் உறவுள்ள எந்தப் பொருளும் தடைதான். "லிஸ்டில் இல்லையே" என்ற வாதம் எடுபடாது.

ஊக்கமருந்து பாசிட்டிவ் என்றால் முதல் தடவையே ஒரு முழு ஆண்டு விளையாட முடியாது, ஒரு சீசன் தகுதியும் போய்விடும். கடையில் எல்லாருக்கும் விற்கிற பொருள்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2015இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக் வில் க்ரியர், கடையில் கிடைக்கும் ஒரு சப்ளிமென்டைச் சரிபார்க்காமல் எடுத்ததாகச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். தடை விழத்தான் செய்தது. ஸ்காலர்ஷிப்பை நம்பி வந்த நம் பிள்ளைக்கு அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே எனக்கு வயிறு கலங்குகிறது.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். சீல் உடையவில்லை, ரசீதும் இருந்தது. அதே ஆள், "சட்டப்படி விற்கக்கூடிய பொருள் என்றுதான் சொன்னேன், அனுமதி என்று சொல்லவே இல்லை" என்று முகத்துக்கு நேரே மறுத்தார். மேலாளர் வந்து, தள்ளுபடியில் வாங்கியதைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். வாங்கும்போது இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. பணத்தைவிட, அடுத்து வரும் பையனுக்கும் இதையே சொல்லி விற்பார்களே என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

பெற்றோருக்கு இன்னொன்று. ஊரிலிருந்து அனுப்பும் லேகியம், சூரணம் எல்லாம் இங்கே சப்ளிமென்ட் கணக்குதான். ஆயுர்வேதத்தில் பலா (பலாப்பழ மரம் அல்ல, Sida cordifolia) என்று சொல்லும் செடியில் எபெட்ரின் என்ற ஊக்கி உண்டு, எபெட்ரினும் தடைப்பட்டியலில் இருக்கிறது. நல்லெண்ணத்தில் பெட்டியில் வைத்து அனுப்புவதையும் டிரெய்னரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வாயில் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய இடம் கல்லூரியின் விளையாட்டுத் துறை. சப்ளிமென்ட் கேள்விகளுக்கென்றே ஒருவரை அங்கே நியமித்திருப்பார்கள். ஊக்கமருந்து சோதனை நடத்தும் ட்ரக் ஃப்ரீ ஸ்போர்ட் நிறுவனத்தின் ஆக்ஸிஸ் சேவையிலும் லேபிளில் உள்ள பொருட்களைப் பற்றிக் கேட்கலாம். "என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்" முத்திரை உள்ளவற்றில் கலப்பட ஆபத்து குறைவு, ஆனால் அதுவும் உத்தரவாதம் இல்லை. "ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்" என்று மொத்த எடையை மட்டும் போட்டிருப்பதை நான் தொடவே வேண்டாம் என்பேன். உள்ளே எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் ரசீதும் லேபிள் படமும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களிடமும் இதே வார்த்தையைச் சொல்லி விற்றிருந்தால் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிளைப் படம் எடுத்து, விற்றவர் சொன்னதை அன்றைக்கே எழுதி வைத்து, உங்கள் மாநிலத்தில் நீங்களும் புகார் கொடுங்கள்.