மேகமலை ‘உள்காட்டு’ ஜீப் சவாரி: 8,500 ரூபாய் கொடுத்து நாங்கள் தள்ளிய வண்டி

மேகமலைக்கு ஜீப் பேசப் போகிறவர்கள் முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆட்களின் பெயரைப் போடவில்லை. இன்றைக்கு ஒரு பெயர், நாளைக்கு ஒரு பெயர் என்று வருகிறவர்களின் பெயர் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏமாற்றுகிற விதம் தெரிந்தால் போதும்.

மார்கழி முதல் வாரம். மதுரையிலிருந்து ஆறு பேர் போனோம்: நான், மனைவி, பத்து வயது மகள், மாமா, அத்தை, மச்சான். போனில் பார்த்த ஒரு வீடியோதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். செம்மண் சரிவில் ஒரு ஜீப் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு ஏறுகிறது. பின்னால் யானை பிளிறுகிறது. அந்தப் பிளிறலை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று இப்போது சத்தியம் செய்வேன். கீழே இருந்த வாட்ஸ்அப் எண்ணில் பேசினேன்.

“மகாராஜா மெட்டு வியூபாயிண்ட் வரைக்கும் உள்காட்டு ஆஃப்ரோடுண்ணே. ஃபோர் வீல் டிரைவ் வண்டி. ஃபாரஸ்ட் பர்மிட், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 8,500. பாதி இப்ப போட்டுவிடுங்க.”

4,250 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்டால், “ஸ்கிரீன்ஷாட்டே ரசீதுதாண்ணே” என்றார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

காலை ஆறரைக்குச் சின்னமனூரில் வந்து நின்றது தார்ப்பாய் போட்ட பழைய ஜீப். ஓட்டுநரும், கையில் போனோடு ஒரு பையனும். மாமா முன்னால் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு வந்து, “ஏன் மாப்ள, இது வெள்ளை போர்டுல்ல?” என்றார். ஓட்டுநர் சிரித்தார். “இங்கிட்டு எல்லா வண்டியும் அப்படித்தான் ஐயா.”

மாமா கேட்டது சரியான கேள்வி. கூலிக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு மஞ்சள் போர்டு வேண்டும். வெள்ளை போர்டில் சவாரி அடித்தால் அது பர்மிட் மீறல். மலையில் ஏதாவது ஆனால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அந்த ஒரு காரணமே போதும். எனக்கு இது தெரிந்தும் ஏறி உட்கார்ந்தேன். பாதிப் பணம் போயிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

தென்பழனி சோதனைச் சாவடி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வேகத்தைக் குறைத்தார். “கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்க.” மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

அங்கிருந்து மலைப்பாதை. கொண்டையூசி வளைவுகள் 18. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள், மகள் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். நல்ல தார்ச்சாலை. நாங்கள் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தபோது ஓர் ஆல்டோ கார் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போனது. மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து ஊரான ஹைவேவிஸ் வரை எங்கள் காரிலேயே வந்திருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஹைவேவிஸில் டீ குடிக்கும்போது பர்மிட்டைக் காட்டச் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த மஞ்சள் தாளை எடுத்து ஆட்டிவிட்டு உள்ளே வைக்கப் போனார். மாமா வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்தார். வாகன நிறுத்தக் கட்டண ரசீது. 30 ரூபாய். தேதி இரண்டு மாதம் பழையது. “அது வேறண்ணே, அது மாறிப் போச்சு, பர்மிட் மேல இருக்கு” என்றார்.

இந்த இடம் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் இதிலுள்ள புளுகு விளங்கும். 2021-இல் மேகமலைச் சரணாலயத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாவது; பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் நடுவே தீவு மாதிரி கிடப்பவைதான் இந்தத் தேயிலைத் தோட்டங்களும் மின்வாரிய அணைகளும். மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று போகிற சாலை தோட்டத்து மக்கள் போய்வருகிற சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் காடு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். அந்த அனுமதியை வனத்துறைதான் தர முடியும், சின்னமனூரில் நிற்கிற ஜீப்காரர் தர முடியாது. ஆக, ‘உள்காட்டு ஆஃப்ரோடு’ என்று அவர் விற்றது ஒன்றில் பொதுச்சாலையின் குழி, அல்லது அடுத்தவன் தோட்டத்துச் சேறு. எங்களுக்கு இரண்டும் கிடைத்தன.

சாலை மோசம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அதே சாலையில் இரவங்கலாறுக்கு அரசுப் பேருந்து போகிறது.

மணலாறு தாண்டியதும் வண்டி சாலையை விட்டு ஒரு தோட்டத்துப் பாதையில் இறங்கியது. “மேல ஃபாரஸ்ட்டுக்காரங்க நிப்பாங்க. நாம சுத்திப் போயிருவோம்” என்றார். ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் இருட்டடித்த சோலை. முந்தின நாள் மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. இருபதடி ஏறியிருப்போம், பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கின. ஓட்டுநர் கியருக்குப் பக்கத்தில், நாலு சக்கரத்தையும் ஓடவிடுவதற்கென்று இருந்த சின்னக் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார். அதன் குமிழில் டூ ஹெச், ஃபோர் ஹெச், ஃபோர் எல் என்று எழுத்துகள் தேய்ந்து தெரிந்தன. கம்பி எந்தத் தடையும் இல்லாமல், சாம்பாருக்குள் கரண்டி மாதிரி, ஆடியது. முன்சக்கரம் அசையவே இல்லை.

மச்சானுக்கு மதுரையில் லாரிப் பட்டறை. எதுவும் பேசாமல் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். அரை நிமிடத்தில் குரல் வந்தது.

“மச்சான், முன் ஆக்சிலுக்குப் போற ஷாஃப்டே இல்ல. கழட்டி எடுத்திருக்காங்க. மேல இருக்கிறது வெறும் கம்புதான்.”

ஓட்டுநர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. “அது போன வருசமே கழட்டுனதுண்ணே. டீசல் மிச்சமாகும்ல.”

எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அத்தைக்கு முழங்கால் வலி, அவர் மட்டும் ஒரு பாறையில் உட்கார்ந்தார். பத்தடி தள்ளி யானைச் சாணம் கிடந்தது. மகள் குனிந்து பார்த்துவிட்டு, “அப்பா, ஆவி பறக்குது” என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. தள்ளுவதில் மட்டும் வேகம் கூடியது. 2023-இல் அரிக்கொம்பன் என்ற யானை பெரியாறு பக்கமிருந்து நடந்து வந்து திரிந்த மலை இது. அப்போது சுற்றுலாப் பயணிகளையே மேலே விடாமல் வைத்திருந்தார்கள். யானை எங்கும் போய்விடவில்லை என்பதற்குச் சாட்சி என் காலடியில் சூடாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து மேலே சாலையில் இரவங்கலாறு பேருந்து குலுங்கிக்கொண்டு போனது. ஜன்னலோரம் மடியில் ரேஷன் பையோடு ஓர் அம்மா எங்களைப் பார்த்தார். கோபமில்லை, இரக்கம். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

அட்டை ஆளுக்கு நாலைந்து ஏறியிருந்தது. அத்தை சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தொட்டு ஒவ்வொன்றாக வைக்க, சுருண்டு விழுந்தன. அன்றைக்கு வேலை செய்த ஒரே சாதனம் அந்தச் சுண்ணாம்பு டப்பாதான். ஜீப்பில் வந்த பையன் ஒரு கை கொடுக்கவில்லை. தள்ளிப்போய் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தோட்டத்து டிராக்டர் ஒன்று வந்தது. அதை ஓட்டி வந்த அண்ணன் இறங்கியதும் எங்களைத்தான் திட்டினார். “காலையில யானை இந்தச் சரிவுலதான் நின்னுச்சு. பச்சப்புள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே?” சங்கிலி போட்டு இழுத்துவிட்டார். சனி, ஞாயிறு ஆனால் இதே கதைதானாம். சக்கரம் கிழித்த தடத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் ஓடிப் பாதை ஓடையாகிவிடுகிறது; கொழுந்து பறிக்கிற பெண்கள் மூட்டையோடு அதில்தான் நடக்கிறார்கள். பணம் நீட்டினேன், வாங்கவில்லை.

மகாராஜா மெட்டு? சாலைக்குத் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் வனக்காப்பாளர்கள் நிறுத்தினார்கள். வெளியாட்களை அதற்கு மேல் விடவில்லை, திருப்பி அனுப்பினார்கள். மேலே இருந்த பர்மிட் மேலேயே இருந்துவிட்டது. மதியச் சாப்பாடு என்று ஆறு பேருக்கு மூன்று எலுமிச்சைச் சாதப் பொட்டலம்.

இறங்கும்போதுதான் உச்சம். மணி ஐந்தேகால். மாலை ஆறு மணிக்குள் கீழே சாவடியைத் தாண்ட வேண்டும் என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு வளைவில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். “பாக்கி 4,250, அப்புறம் டிராக்டர் செலவு 1,500.” டிராக்டர்காரர் பைசா வாங்கவில்லை என்றேன். “அது உங்ககிட்டண்ணே. எங்ககிட்ட வாங்குவாங்க.” மகள் பசியில் அத்தை மடியில் சாய்ந்திருந்தாள். பேரம் பேசி 1,000-க்கு முடித்தேன். ஆக மொத்தம் 9,500 ரூபாய்.

மறுநாள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, ரசீது எண் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு போன் எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டும். அந்த எண் அதற்குள் என்னைத் தடை செய்திருந்தது.

போகிறவர்கள் போகாமல் இருக்க வேண்டாம், மலை அவ்வளவு அழகு. ஹைவேவிஸ் வரை சொந்தக் காரில் போங்கள். அதற்கு மேல் பேருந்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்; ஜீப்தான் வேண்டுமென்றால் மஞ்சள் போர்டு பார்த்து ஏறுங்கள். எதுவரை விடுகிறார்கள் என்பதை வனத்துறையிடம் கேளுங்கள், ஜீப்காரரிடம் கேட்காதீர்கள். ஃபோர் வீல் என்று சொன்னால் உள்ளே கம்பியைப் பார்த்து மயங்காமல் குனிந்து அடியில் பாருங்கள்: கியர் பெட்டியிலிருந்து பின்னால் போவது போலவே முன்னாலும் ஓர் உருளைத் தண்டு போக வேண்டும். “சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க” என்ற வார்த்தை காதில் விழுந்தால் அங்கேயே இறங்கிவிடுங்கள், முன்பணம் போனால் போகட்டும்.

போன வாரம் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். செம்மண் சரிவு, சேறு, யானைப் பிளிறல், புது எண். ஜீப்பைத் தள்ளிக்கொண்டிருப்பது நாங்கள்தான். மச்சானின் மடித்துக் கட்டிய வேட்டி நன்றாகவே தெரிகிறது. கீழே, ‘நிஜமான ஆஃப்ரோடு அனுபவம், ஆளுக்கு 1,800 மட்டும்’.