கோர்ஸா, அண்ணாவுக்குப் பின்னாலா? கொழும்பில் கல்யாணப் படம் எடுக்கப் பழக இரண்டு வழிகள்

மூன்று வருஷத்துக்கு முன் என் கையில் இரண்டு லட்சம் ரூபாய் இருந்தது. கல்யாணப் படம் எடுக்கப் பழக வேண்டும், பிறகு அதையே தொழிலாக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதே நேரத்தில் என் சித்தியின் மகளுக்கும் அதே ஆசை வந்தது. அவள் வார இறுதிக் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்தாள். நான் வெள்ளவத்தையில் படம் எடுக்கும் ஓர் அண்ணாவுக்கு உதவியாளாகப் போனேன். இன்றைக்கு இரண்டு பேருமே கல்யாணம் எடுக்கிறோம். ஒரே வீட்டில் இரண்டு வழியையும் பக்கத்தில் நின்று பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்: காசு குறைவென்றால் முதலில் அண்ணாவுக்குப் பின்னால் போங்கள், கோர்ஸைப் பிறகு பார்க்கலாம்.

மூன்றாவதாக யூடியூப் இருக்கிறது. அதை நான் தனி வழியாகக் கணக்கில் எடுக்கவில்லை. எந்த வழியில் போனாலும் இரவில் அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள். படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் என்ன என்பதை அங்கேயே படித்துவிடலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

கோர்ஸில் நல்லது இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தங்கச்சி ஆறு மாதத்தில் ஒழுங்காகப் படித்தாள். எது முதல், எது பிறகு என்று ஒரு வரிசை இருந்தது. ஸ்டூடியோ விளக்குகளைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தது. லைட்ரூம் என்ற மென்பொருளில் நிறம் திருத்துவதை ஆசிரியர் பக்கத்தில் இருந்து காட்டினார். எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், கிழமைக்கு ஒருமுறை அவள் எடுத்த படத்தைத் திரையில் போட்டு, இங்கே கை வெட்டுப்பட்டிருக்கிறது, இங்கே தலைக்குப் பின்னால் தூண் முளைத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார். எனக்கு அப்படிச் சொல்ல ஒரு வருஷமாக யாரும் இருக்கவில்லை. அந்தக் குறை இப்போதும் என் படங்களில் தெரிகிறது.

ஆனால் அவர்களுடைய கல்யாணப் பயிற்சி எங்கே நடந்தது? விகாரமகாதேவி பூங்காவில். மணமகள் மாதிரி உடுத்திய ஒரு பிள்ளை, பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு பெடியன். பத்துப் பேர் சுற்றி நின்று மாறி மாறி எடுத்தார்கள். வெளிச்சம் சரியில்லையென்றால் மர நிழலுக்கு மாறினார்கள். கண் மூடிவிட்டால் இன்னொரு தரம் எடுத்தார்கள். கல்யாணத்தில் இல்லாதது இந்த இன்னொரு தரம்தான். என் தீர்ப்பு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாலிகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னிகாதானம் முடிந்து, மணமகள் கூறை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். கூறை உடுத்தி மாலையோடு திரும்பி வருவாள். தாலித்தட்டைச் சபையில் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் ஆசி வாங்குவார்கள். பிறகு மாப்பிள்ளை எழும்புவார், கெட்டிமேளம் கேட்கும், அறுகரிசியும் பூவும் பறக்கும். அந்தச் சில நொடிகளில் முன்வரிசை முழுக்க எழும்பி நிற்கும், ஒவ்வொரு கையிலும் ஒரு ஃபோன் இருக்கும். முடிச்சுப் போட உதவ மணமகளுக்குப் பின்னால் நாலு பெண்கள் குனிவார்கள். ஒரு பக்கம் வீடியோக்காரர் நிற்பார், அவருக்கும் அதே இடம்தான் வேண்டும். அண்ணாவோடு நான் கமரா தூக்கிய முதல் கல்யாணத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு மாமாவின் பட்டுச் சட்டை முதுகு மட்டும்தான். கமரா அமைப்பு எல்லாம் சரியாகவே இருந்தது, நின்ற இடம்தான் பிழை.

அன்று வேனில் திரும்பும்போது அண்ணா சொன்னார்: "தம்பி, நீ ஐயரையே பார்த்துக்கொண்டு நிக்கிறாய். தாலித்தட்டைப் பார். அது சபையைச் சுத்தி மணவறைக்குத் திரும்பேக்க நீ உன்ர இடத்தில நிக்கோணும். பிறகு தவில்காரரின்ர கையைப் பார், அது உயர்ந்தா நீ குனியாத."

இரண்டாவது கல்யாணத்தில் தட்டைப் பார்த்தேன். மூன்றாவதில் தட்டு முன்வரிசையைக் கடக்கும்போதே மணவறையின் ஓரத்துக்குப் போய் ஒரு முழங்காலில் இருந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் மறைக்கவில்லை, எனக்கு முன்னாலும் யாரும் வரவில்லை. கணையாழி எடுப்பது, அம்மி மிதிப்பது, அருந்ததி காட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு நிற்குமிடமும், நடக்கப்போவதற்கு ஓர் அறிகுறியும் உண்டு. அருந்ததி காட்ட வெளியே போவார்கள் என்று தெரிந்தால், அவர்களுக்கு முன்னாலேயே வாசலுக்குப் போய், வெளி வெளிச்சத்துக்குக் கமராவை மாற்றிவைக்கலாம். தெரியாதவருக்கு முதுகும் வெள்ளையாய் வெளிறிய படமும்தான் கிடைக்கும். குடும்பத்துக்குக் குடும்பம் ஐயருக்கு ஐயர் சில விஷயங்கள் முன்பின்னாக வரும் என்பதால், ஒன்றிரண்டு கல்யாணம் பார்த்தால் போதாது, குறைந்தது பத்துப் பன்னிரண்டு பார்க்க வேண்டும்.

காசு இல்லாதவருக்கு அந்தப் பத்துப் பன்னிரண்டு எங்கே கிடைக்கும்? இங்கேதான் நம்முடைய பஞ்சாங்கம் கைகொடுக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம் கல்யாணங்கள் இல்லை. அதனால் ஆவணியும் தையும் பிறந்ததும் நல்ல நாட்களில் கல்யாணங்கள் குவிந்துவிடும். ஒரே முகூர்த்தத்தில் கொட்டாஞ்சேனையில் ஒன்று, பம்பலப்பிட்டியில் ஒன்று, தெஹிவளையில் ஒன்று. ஒரே நாளில் இரண்டு ஓடர் எடுத்த அண்ணாமாருக்கு அன்றைக்கு ஆள் போதாது. பிளாஷ் ஸ்டாண்ட் பிடிக்க, பற்றரி மாற்ற, வரவேற்பில் நின்று விருந்தினரை எடுக்க ஒரு பெடியன் கிடைத்தால் போதும் என்றிருப்பார்கள். ஆவணியில் அழைத்தால் உடனே வரச் சொல்வார்கள், அதே ஆளிடம் ஆடியில் கேட்டால் பார்ப்போம் என்பார்கள். நான் ஆனி முடிவில் மூன்று பேரிடம் போய்ச் சொல்லி வைத்தேன், ஆவணியில் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஆடி மாதத்தைப் படிப்பதற்கும் பழைய படங்களைத் திருத்திப் பழகுவதற்கும் வைத்துக்கொண்டேன்.

ஸ்டாண்ட் பிடிப்பது எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள். வெளிச்சத்தை நான் கற்றது அதில்தான். பிளாஷை ஆளிடமிருந்து ஒரு மீற்றரில் பிடித்துவிட்டு இரண்டு மீற்றருக்குப் பின்வாங்கினால், வெளிச்சம் பாதியாகாது, நாலில் ஒன்றாகிவிடும். புத்தகத்தில் அது ஒரு வரிதான். கூட்டம் தள்ளி நான் ஓர் அடி பின்னால் போனதும் அண்ணா திரும்பி முறைத்தாரே, அன்றைக்குத்தான் அது எனக்கு மனதில் பதிந்தது. ஓமப்புகையும் அப்படித்தான். கமராவுக்கு மேலேயே பிளாஷை வைத்து நேரே அடித்தால் புகை வெள்ளைச் சுவராக முன்னால் எழும்பி நிற்கும், மணமக்கள் அதற்குப் பின்னால் மங்கிப் போவார்கள். அதே பிளாஷைப் பக்கவாட்டில் பிடித்தால் புகை மெல்லிய திரையாகி, முகம் அதற்குள் தெளிவாகத் தெரியும். அந்தப் படத்தைக் கமராவின் பின்திரையில் முதல் தரம் பார்த்தபோது, எடுத்தது நானில்லையென்றாலும் எனக்குக் கை நடுங்கியது.

வரவேற்பு மண்டபங்களில் இன்னொன்று உண்டு. நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பல குழல் விளக்குகளும் மலிவான எல்ஈடிகளும் நொடிக்கு 100 தடவை மினுங்கும். பிளாஷ் இல்லாமல் ஷட்டர் வேகத்தை 1/400 நொடிக்கு ஏற்றினால் படத்தில் குறுக்கே கோடு விழலாம். 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் போய்விடும். தங்கச்சி இதைக் கோர்ஸில் படித்திருந்தாள். ஆனால் மண்டபத்தில் கோடு விழுந்தபோது கமரா பழுது என்று பயந்து எனக்குத்தான் அழைத்தாள். தெரிந்த விஷயம் நெருக்கடியில் ஞாபகம் வருவதற்கு வேறு பயிற்சி வேண்டியிருக்கிறது.

இந்த வழியில் துன்பமும் இருக்கிறது, மறைக்கவில்லை. நான் முதலில் போன இடத்தில், அதன் பெயர் வேண்டாம், ஒன்பது கல்யாணம் பை தூக்கினேன். ஒரு படமும் எடுக்க விடவில்லை, பஸ் காசும் தரவில்லை. விடியற்காலை முகூர்த்தத்துக்கு இருட்டில் காலி வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற நாட்கள் உண்டு. அதனால் போகுமுன்பே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: எத்தனையாவது கல்யாணத்தில் நான் கமரா தூக்கலாம்? நான் எடுத்ததில் சிலதை என் மாதிரிப் படங்களாகக் காட்டலாமா? திருத்தும்போது பக்கத்தில் இருக்கலாமா? மூன்றுக்கும் மழுப்புகிறவரிடம் போக வேண்டாம். நான் இரண்டாவதாகப் போன வெள்ளவத்தை அண்ணா, நாலாவது கல்யாணத்திலேயே சாப்பாட்டுப் பந்தியைப் படமெடுப்பதை முழுக்க என்னிடம் விட்டுவிட்டார்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த வழி என்னைப் போல இலகுவாக இருக்காது. அறியாத ஒருவரோடு இரவு பதினொரு மணிக்கு வேனில் திரும்புவதை எந்த வீடும் யோசிக்கத்தான் செய்யும். தங்கச்சி கோர்ஸைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம், அது நியாயமான காரணம். ஆனால் மணமகள் அறையில் அலங்காரம் எடுக்கப் பெண் ஒருவர் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அறிமுகமானவர் வழியாகப் போக முடிந்தால் அங்கே அவர்களுக்கு என்னை விட நல்ல வாய்ப்பு.

இனிக் காசுக் கணக்கு. கோர்ஸுக்குப் போகாமல் மிச்சமான பணம் முழுவதும் எனக்குச் சாமானாக மாறியது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது புதுக் கமரா என் கைக்கு எட்டாமல் போய்விட்டது, ஆகவே பாவித்ததைத்தான் தேடினேன். நிக்கான் டி7200 வாங்கினேன். 2015இல் வந்தது, 24 மெகாபிக்சல். எனக்கு அதில் பிடித்தவை இரண்டு. ஒன்று, இரண்டு மெமரி கார்டுக்கு இடம், ஒரே படம் இரண்டிலும் பதியும், ஒன்று கெட்டாலும் தாலிகட்டு மிஞ்சும். மற்றது, கமராவின் உடலுக்குள்ளேயே ஃபோக்கஸ் மோட்டர் இருப்பதால், தனக்கென்று மோட்டர் இல்லாத பழைய 50 மிமீ எஃப்1.8டி லென்ஸும் தானாக ஃபோக்கஸ் செய்யும். இதே கம்பனியின் சின்னக் கமராக்களான டி3500, டி5600 இரண்டிலும் அந்த மோட்டர் இல்லை. டி7200இன் ஷட்டரை 150,000 சொடுக்கு வரை பரிசோதித்ததாகக் கம்பனி சொல்கிறது. கல்யாணத்துக்கு 2,000 என்று பார்த்தால் 75 கல்யாணம். எனவே வாங்கும்போது எத்தனை சொடுக்கு ஓடியிருக்கிறது என்று பார்த்தே வாங்குங்கள். லென்ஸின் மூடிகளைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள், கொழும்பின் ஈரக்காற்றுக்குப் பூஞ்சணம் சிலந்தி வலைபோல் உள்ளே படர்ந்திருக்கலாம். அப்படிப்பட்டது எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் அன்றே வாங்கிவிடுங்கள்.

மிச்சத்தில் ஒரு பிளாஷ், அதைத் தூரத்தில் வைத்து இயக்க ஒரு டிரிகர், நாலு ரீசார்ஜ் பற்றரி. தங்கச்சியிடம் கோர்ஸ் முடிந்தபோது சான்றிதழ் இருந்தது, சொந்தமாகப் பிளாஷ் இல்லை. முதல் மூன்று கல்யாணத்துக்கும் என்னுடையதைத்தான் கொண்டுபோனாள்.

நான் அதிகம் நின்றது இந்துக் கல்யாணங்களில். கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தில் இரண்டு கத்தோலிக்கத் திருமணங்களும், நிக்காஹ் ஒன்றும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பூசை நேரத்தில் எங்கே நிற்கலாம், பிளாஷ் அடிக்கலாமா என்பதை ஃபாதரிடம் முன்பே கேட்க வேண்டும் என்பதற்கு மேல் அங்கே உங்களுக்குச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. வெளிநாடு போய் இந்தத் தொழில் செய்ய நினைப்பவருக்குச் சான்றிதழ் எவ்வளவு உதவும் என்பதையும் போனவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு வருஷம் கழித்து நானும் காசு கட்டிப் படித்தேன், இரண்டு நாள், நிறம் திருத்துவது மட்டும். அதற்குள் என்னிடம் கேட்பதற்குக் கேள்விகள் இருந்தன. மஞ்சள் விளக்கில் எடுத்த கூறையின் சிவப்பு ஏன் செம்மஞ்சளாகப் போகிறது என்று என் படத்தையே காட்டிக் கேட்டேன். ஆசிரியர் அரை மணி நேரம் அதிலேயே நின்றார்.

தங்கச்சி இப்போது வேறு யோசனையில் இருக்கிறாள். நன்றாகத் திருத்துகிறாள், முகங்களை என்னை விட அழகாக எடுக்கிறாள், தாலிகட்டில் மட்டும் இன்னும் தடுமாறுகிறாள். அண்ணாவிடம் கதைத்தேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். நானும் அதே வேனில் போகிறேன், ஸ்டாண்ட் அவள் கையில்.