இரண்டு ஓவர்டிரைவ், ஒரு கரகரப்பு

கிட்டார் சத்தத்தில் பிசிறு ஏற்றும், காலால் மிதிக்கும் ஓவர்டிரைவ் பெட்டிகள் என்னிடம் இரண்டு: டி.எஸ்.9, எஸ்.டி.1. டி.எஸ்.9ஐ மூன்றாவது தடவையாகக் கழற்றிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் பண்டாரவளையிலிருந்து நண்பன் கோல் எடுத்தான். "ரெண்டும் ஒரே மாதிரி சாமான்தானே மச்சான், ஒன்ன எனக்குத் தந்துரு."

ஒரே மாதிரி என்பது பாதிதான் சரி. பொஸ் எஸ்.டி.1 வந்தது 1981இல், ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர் டி.எஸ்.9 அடுத்த வருசம். இரண்டிலும் ஒப்-அம்ப்பை (சத்தத்தைப் பெருக்கும் சிப்) சுற்றியிருக்கும் டயோட்கள்தான் சத்தத்தின் தலையை வெட்டிப் பிசிறு ஏற்றுகின்றன. டி.எஸ்.9இல் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எஸ்.டி.1இல் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. அந்த ஒரு டயோட்டுக்காகத்தான் ஆறு வருசமாக இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறேன்.

எங்கள் பாட்டுக் குழு தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகிற குழு. கீபோர்ட் இரண்டு, ஒக்டோபேட் (எலெக்ட்ரோனிக் டிரம்), தபேலா. கிட்டாருக்கு இடம் வந்தாலும் கீபோர்ட் அண்ணன் கையை எடுக்க மாட்டார். அங்கேதான் டி.எஸ்.9 கைகொடுக்கும். 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது அவ்வளவாகக் கிளப்பாது, நடுச் சத்தம் முன்னுக்கு வரும். பிசிறைக் கூட்டும் டிரைவ் குமிழைக் கடிகார முள் மாதிரி ஒன்பது மணிக்கும், சத்தத்தைக் கூட்டும் லெவலை மூன்று மணிக்கும் வைத்து மிதித்தால் லயத்து வரிசையில் கடைசி வீட்டுக்கும் கிட்டார் கேட்கும். அந்த வேலையை எஸ்.டி.1 இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. அதன் டோனை (சத்தத்தின் கூர்மையைக் கூட்டும் குமிழ்) பாதிக்கு மேல் திருப்பினால் என் அம்ப்பில் காது கூசுகிறது. அதன் டிரைவ் பொட் (குமிழுக்குக் கீழே உள்ள, திருப்பினால் மாறும் மின்தடை) 1 மெகா ஓம், டி.எஸ்.9இல் அதில் பாதி. முழுசாகத் திருப்பினால் பாட்டுக்கு நடுவே 'உஸ்' என்று இரைச்சல்.

ஆனால் டி.எஸ்.9இன் அந்த டோன் பொட்! நான் இருக்கும் தலவாக்கலையில் மே கடைசியில் மழை பிடித்தால் சுவரே வியர்க்கும். அதோடு அதுவும் கரகரக்கத் தொடங்கிவிடும். அடித்தட்டைக் கழற்றி, பொட்டின் மூன்று கால்களுக்கு மேலே இருக்கிற இடுக்கில் கிளீனர் அடித்து, இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்புவேன். பழுப்பாக ஒரு துளி கசியும். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி. மாற்றிவிடலாம் என்று ஹட்டனிலும் கண்டியிலும் கேட்டேன். 10 கிலோ ஓம், 50 கிலோ ஓம் இருக்கிறது, இதற்கு வேண்டிய 20 இல்லை. நான் வாங்கியதே பழைய சாமான், எனக்கு முந்தி எந்த மூலையில் கிடந்ததோ, செய்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதே அலுமாரியில் அதே பனியில் இருக்கிற எஸ்.டி.1 ஒரு நாளும் முனகியதில்லை என்று நினைக்கும்போது கோபம் வரத்தான் செய்கிறது.

எஸ்.டி.1இல் எனக்குப் பிடித்தது மேடையில் கேட்காது. ராத்திரி அறையில், கிட்டாரின் வொலியூமை ஆறுக்கு இறக்கி, விரலால் மெதுவாகத் தட்டினால் கம்பி சும்மா பேசும். கொஞ்சம் அழுத்தினால் ஓரத்தில் மட்டும் பிசிறு ஏறும். ஜெனரேட்டர் கரண்டில் அடப்டர் ஹம் அடிக்கும் இடங்களில் பேட்டரிதான் போடுகிறோம். அதை மாற்ற இதைக் கவிழ்க்கவே வேண்டாம், முன்னால் உள்ள திருகைக் கையால் கழற்றினால் போதும். (எதுவானாலும் இன்புட்டில் வயரைச் செருகி வைத்துவிட்டுத் தூங்காதீர்கள், விடியும்போது பேட்டரி செத்திருக்கும்.)

போன வெள்ளி ஒத்திகையில் சோலோ நடுவே டி.எஸ்.9இன் டோனைத் தொட்டேன். ஸ்பீக்கரில் இடி. பாடிக்கொண்டிருந்த பிள்ளை பயந்து மைக்கை விட்டுவிட்டாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

சத்தத்தில் டி.எஸ்.9தான் மேல், அதை நண்பனிடமும் சொன்னேன். அவனுக்குப் போவதும் அதுதான். இங்கே மழை கொட்டுகிற அந்த மாசங்களில் பண்டாரவளையில் வெயில் அடிக்கும், பொட் அங்கே பிழைக்கும். பாதி மிச்சமிருந்த கிளீனர் டின்னையும் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.