பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்: கண்காணிப்பு மென்பொருளோடு பதினொரு மாதம்

ஊழியர்களைக் கண்காணிக்கும் மென்பொருள்களுக்கு இணையத்தில் விமர்சனங்கள் நிறையவே கிடைக்கின்றன, நான்கரை நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று. நான் தேடிப் படித்தவரை ஏறக்குறைய எல்லாமே அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் எழுதியவை. யாருடைய கம்ப்யூட்டரில் அது நாள் முழுக்க ஓடுகிறதோ அவர்கள் எழுதியது அபூர்வம். என் லேப்டாப்பில் பதினொரு மாதம் ஓடியது, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் சொல்லவில்லை. இந்த வகை மென்பொருள்களுக்குள் வேறுபாடு குறைவு, நான் சொல்வதில் பாதிக்குமேல் உங்கள் ஆபீசில் இருப்பதற்கும் பொருந்தும்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மென்பொருள் நல்லதா கெட்டதா என்பது பாதி அதைப் பொறுத்தது. கருவிகளுக்கான பயனர் கையேடுகளைத் திருத்துவது என் தொழில். வீட்டிலிருந்தே செய்கிறேன். ஒரு நாளில் தட்டச்சு செய்வது கொஞ்சம், படிப்பதுதான் அதிகம்.

நிறுவுவது சுலபம்தான், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேக் வைத்திருந்த சக ஊழியருக்கு மட்டும் திரையைப் பதிவு செய்ய அனுமதி, கீபோர்டையும் மவுஸையும் கவனிக்க அனுமதி என்று தனித்தனியாகக் கேட்டது, அதைப் பார்த்துத்தான் இது என்னவெல்லாம் செய்யப்போகிறது என்று எங்கள் குழுவுக்கே தெரிந்தது. என் விண்டோஸ் லேப்டாப்பில் அப்படி எதுவும் கேட்கவில்லை. நிர்வாகி கடவுச்சொல்லைப் போட்டதும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஐகான் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். அந்த ஐகான் தெரிந்ததே ஒரு நல்ல விஷயம் என்று பிறகு புரிந்தது. இந்த வகை மென்பொருள்களில் சிலவற்றை எந்த அடையாளமும் காட்டாமல் மறைவாக ஓட விடும் வசதியும் உண்டு.

சரி, அது என்ன செய்கிறது? டைமரை நாம்தான் தொடங்க வேண்டும். தொடங்கியதிலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நொடியில் திரையைப் படம் எடுக்கும், எந்த நொடி என்று தெரியாது. எந்த மென்பொருள், எந்த இணையதளம், எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு சதவீதம் போடும், அதற்கு 'செயல்பாடு' என்று பெயர். இந்தச் சதவீதத்தைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கு ரொம்ப எளிமையானது. பத்து நிமிடம் என்றால் 600 வினாடி. ஒரு வினாடிக்குள் ஒரு எழுத்து தட்டினாலோ மவுஸ் கொஞ்சம் நகர்ந்தாலோ அந்த வினாடி கணக்கில் சேரும். 300 வினாடி சேர்ந்தால் 50 சதவீதம். நீங்கள் தட்டியது ஒரு நல்ல வாக்கியமா, ஒரே எழுத்தை நாற்பது முறை அடித்து அழித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. கை அசைந்ததா என்பது மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் ஒரு மின்கருவியின் பராமரிப்புக் கையேடு வந்தது, 42 பக்கம். நடுவில் ஒரு பக்கத்தில் வரிசை ஏதோ இடித்தது. மூன்று முறை படித்து, அதை எழுதிய பொறியாளரிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூடியைத் திறந்த பிறகு மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லி அச்சாகப் போயிருக்கும், துண்டித்த பிறகுதான் திறக்க வேண்டும். அந்த வருடம் நான் செய்த வேலையிலேயே உருப்படியானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு டாஷ்போர்டு எனக்குக் கொடுத்தது 11 சதவீதம், சிவப்பு நிறத்தில். அதே நாள் சாயங்காலம் படக் கோப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தேன், யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. அதற்கு 88, பச்சை.

ஒரு நாளோடு போகட்டும் என்று விட்டிருப்பேன், ஆனால் வாராவாரம் எட்டுப் பேரின் சதவீதத்தையும் வரிசைப்படுத்தி எங்கள் எல்லோருக்கும் அனுப்பினார்கள். மூன்றாவது வாரத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. படித்துக்கொண்டிருக்கும்போதே விரல் தானாக மவுஸ் சக்கரத்தை மேலும் கீழும் உருட்டும். வரி நகரும், கண் தவறும், மறுபடி தேடிப் பிடித்துப் படிப்பேன். பேப்பரில் அச்செடுத்துத் திருத்துவதை நிறுத்தியே விட்டேன். ஐந்து நிமிடம் கை அசையாவிட்டால் 'இன்னும் வேலை செய்கிறீர்களா' என்று ஒரு பெட்டி வரும், பதில் சொல்லாவிட்டால் அந்த ஐந்து நிமிடமும் சம்பளக் கணக்கிலிருந்து போய்விடும். கையேட்டில் பிழை பிடிப்பது என்பதே கையைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை. அந்த வேலையில் நான் மோசமாகிக்கொண்டிருந்தேன், என் சதவீதம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இதை ஏமாற்றுவது சிரமமே இல்லை. மவுஸைத் தானாக அசைக்கும் சின்னச் சாதனங்கள் தாராளமாக விற்கின்றன. 2024ஆம் ஆண்டு வெல்ஸ் பார்கோ வங்கி, கீபோர்டு அசைவைப் போலியாக உருவாக்கியதாகச் சொல்லிப் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது செய்தியாக வந்தது. போலி செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் செய்து முடித்த வேலையைப் பார்த்தே அவர் வேலை செய்கிறாரா என்று தெரிந்துகொள்ள முடியும்போது, கை அசைவை எண்ணும் ஒரு கருவிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் திருத்தினேன், அச்சான பிறகு எத்தனை பிழை கண்டுபிடிக்கப்பட்டது என்று பார்த்தால் போதும், என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும்.

இப்போது ஸ்கிரீன்ஷாட். ஐந்தாவது மாதம் நடந்தது. மதிய இடைவேளையில் டைமரை நிறுத்த மறந்துவிட்டேன், மறதி என் பக்கம்தான். அந்த நேரத்தில் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் மின்னஞ்சலில் வந்தது, திறந்து படித்தேன். அந்த வாரம் வீட்டில் அப்பாவிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை டீம் லீட் போன் செய்து வேலை விஷயம் பேசிவிட்டுக் கடைசியில் மெதுவாக, "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு? லீவு வேணும்னா தயங்காம சொல்லுங்க" என்றார். நல்ல மனிதர், உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை, சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு மட்டும் இருந்த ஒன்றை, அவர் ஒரு சின்னப் படத்தில் படித்திருக்கிறார்.

அந்தப் படத்தை அழிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியும். அழித்தால் அந்தப் பத்து நிமிடச் சம்பளமும் சேர்ந்து போகும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இடைவேளை நேரம் என்பதால் நான் அழித்தேன், அதில் நஷ்டம் இல்லை. ஆனால் அவர் பார்த்த பிறகு அழித்து என்ன பயன். படம் எடுத்தவுடன் முதலில் ஊழியருக்குக் காட்டி, ஒரு நாள் கழித்து மேலே அனுப்பினால் இந்தப் பிரச்சினையே வராது. நான் பயன்படுத்தியதில் அந்த வசதி இல்லை. படத்தை மங்கலாக்கும் வசதி இருந்தது, எந்த மென்பொருள் திறந்திருக்கிறது என்று தெரியும், எழுத்துகள் தெரியாது. அதை ஆன் செய்யச் சொல்லி எச்.ஆருக்கு எழுதினேன், மூன்று வாரம் கழித்து ஆன் செய்தார்கள். ஒரு டிக் போடும் வேலை. முதல் நாளே போட்டிருக்கலாம்.

இதில் நல்லது என்று ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. நேரக் கணக்கு தானாக எழுதப்பட்டுவிடும், மாதக் கடைசியில் உட்கார்ந்து எந்தப் புராஜெக்ட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். கூடுதலாக உழைத்த 19 மணி நேரத்தை ஒரு முறை கணக்கில் காட்டி, கேள்வி கேட்காமல் பணம் வாங்கினேன். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்கு டைமர் மட்டும் போதும், படம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

இணையதளங்களை 'பயனுள்ளது', 'பயனற்றது' என்று பிரிக்கும் பகுதி வீண். வாடிக்கையாளர் தன் கருவியின் செயல்முறை விளக்கத்தை யூடியூபில் போட்டிருந்தார், அதைப் பார்த்து எழுதிய இரண்டு மணி நேரமும் பயனற்றது.

படங்கள் எங்கே போகின்றன என்பது அடுத்த விஷயம், இதைப் பற்றி மேனேஜர்களும் அதிகம் யோசிப்பதில்லை. நம் திரையில் வருவது நம் விஷயம் மட்டும் இல்லையே, வாடிக்கையாளரின் வெளிவராத கையேடு, உள்ளுக்குள் நடக்கும் அரட்டை, சில நேரம் கடவுச்சொல்கூட. 2025 ஏப்ரலில் வொர்க்கம்போசர் என்ற கண்காணிப்பு மென்பொருள் எடுத்த 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்கிரீன்ஷாட்கள் பாதுகாப்பில்லாத ஒரு கிளவுட் சேமிப்பில் திறந்து கிடந்ததை சைபர்நியூஸ் என்ற செய்தித்தளத்தின் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். எங்கள் ஆபீசில், படங்களை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று நான் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. விற்றவர் வைத்த அமைப்பு எதுவோ அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கொஞ்சம் தேடினேன். இடத்துக்கு இடம் மாறுகிறது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் 2024 டிசம்பரில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் போட்டது, அந்த விவரத்தைப் படித்தபோது என் ஆபீசைப் பற்றி எழுதியதுபோலவே இருந்தது. 3 முதல் 15 நிமிடம் வரை கீபோர்டும் மவுஸும் அசையாவிட்டால் சும்மா இருந்ததாகக் கணக்கு, காரணம் சொல்லாவிட்டால் சம்பளத்தில் கழிக்க வழி, அதோடு அவ்வப்போது ஸ்கிரீன்ஷாட். கம்ப்யூட்டரைத் தொடாத நேரமும் வேலை நேரமாக இருக்கலாம், கூட்டம் இருக்கலாம், போன் பேச்சு இருக்கலாம் என்று அந்த அமைப்பு சொன்னது. நியூயார்க் மாநிலத்தில் 2022 மே மாதத்திலிருந்து, இப்படிக் கண்காணிப்பதாக இருந்தால் வேலையில் சேரும்போதே எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். ருமேனியாவைச் சேர்ந்த பார்புலெஸ்கு தன் வேலைக்கான யாகூ மெசஞ்சர் கணக்கில் வீட்டாரோடு பேசியதைப் படித்து நிறுவனம் அவரை நீக்கியது. அந்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எந்த அளவுக்குப் பார்ப்போம் என்று முன்கூட்டியே அவருக்குச் சொன்னார்களா என்பது அதில் ஒரு முக்கியக் கேள்வி. எங்களுக்கும் 'நேரக் கணக்கு மென்பொருள்' என்றுதான் சொன்னார்கள். படம் எடுக்கும் என்று அந்த மின்னஞ்சலில் ஒரு வரி இல்லை.

மாற்ற முடியாத விஷயமும் இல்லை இது. மைக்ரோசாப்ட் 2020இல் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஊழியரும் மின்னஞ்சலும் அரட்டையும் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று பெயரோடு காட்டியது. பலமான எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டு டிசம்பரில் தனிப்பட்டவர்களின் பெயர்களை எடுத்துவிடுவதாக அறிவித்தது. அத்தனை பெரிய நிறுவனத்தால் முடிந்தால், எட்டுப் பேர் குழுவுக்கு அனுப்பும் வாராந்திரப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது எவ்வளவு நேர வேலை?

உங்கள் ஆபீசில் இதைப் போடப்போகிறார்கள் என்றால், போடும் முன்பே கேளுங்கள், போட்ட பிறகு கேட்டால் ஏதோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள். படங்களை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் இருக்கும், எனக்கும் காட்டுவீர்களா, சம்பளத்தில் கழிப்பீர்களா, பதிலை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். முடிந்தால் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். அந்த லேப்டாப்பில் சொந்த மின்னஞ்சலைத் திறக்கவே திறக்காதீர்கள், இடைவேளையிலும்கூட. போனில் பாருங்கள், ஆபீஸ் வைஃபையை விட்டுவிட்டு. மேனேஜர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று: வாங்குவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓட விட்டு, அந்தப் படங்களை உங்கள் குழுவிடம் காட்டிப் பாருங்கள்.

மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு ஒன்றரை. ஒன்று டைமருக்கு, அரை அந்த மங்கலாக்கும் வசதிக்கு.

போன மாதம் அந்த வேலையை விட்டேன். மென்பொருளை நீக்கப் போனால் நிர்வாகி கடவுச்சொல் கேட்டது, அது ஆபீசில் இருந்தது, வேலையை விட்ட பிறகும் நான்கு நாள் அது என் சொந்த லேப்டாப்பில்தான் உட்கார்ந்திருந்தது. நீக்கியதும் என் ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி எழுதினேன். அழித்துவிட்டோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது, எத்தனை படம் இருந்தன என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. புது இடத்தில் எந்தக் கண்காணிப்பும் கிடையாது. கையேட்டை அச்செடுத்து, பென்சில் வைத்துப் படிக்கிறேன். விரல்தான் இன்னும் அவ்வப்போது மவுஸைத் தேடுகிறது.