மகுடத்துக்கு ஒரு ஹேர் டிரையர்

தென்மாவட்டக் கோயில்களில் ஆடும் கணியான் கூத்தில் மகுடம் என்கிற வட்டமான தோல் கருவியை அடிக்கிறவனுக்குத் தீ இல்லாமல் வேலை ஓடாது. சுடலைமாடன் கொடை விழாவில் கோயில் ஓரமாகக் காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, தோலைச் சூடு காட்டி, தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்துக்கு வருவோம். நடுச்சாமத்தில் பனி இறங்கினால் தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும், மறுபடி ஓலையைத் தேட வேண்டும்.

செல்லோ, கிதார், புல்லாங்குழல் எல்லாம் சேர்ந்த ஒரு குழு என்னை விருந்தாளியாக ஊர் ஊராக வாசிக்கக் கூப்பிட்டது. தாளத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, தீயைப் பற்றித்தான் கவலை. ஏசி அரங்கத்துக்குப் பின்னால் புகை கிளம்பினால் அலாரம் அலறும். நம் ஊர் விமான நிலையத்தில் கையோடு லைட்டர் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். ஹேர் டிரையருக்குத் தடை இல்லை.

திருநெல்வேலி டவுனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். 1200 வாட், இரண்டு வேகம், குளிர் காற்றுக்குத் தனி பட்டன். "முடி கொட்டாம இருக்கத்தான் அண்ணாச்சி இந்தப் பட்டன்" என்று கடைக்காரர் என் வழுக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாவம், அவருக்கு அது வியாபாரம்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது, ஆனால் மெதுவாக. ஓலைத் தீ வட்டம் முழுக்க ஒரே வீச்சில் சூடேற்றிவிடும். டிரையர் காற்று ஒரு இடத்திலேயே குவியும். முன்னால் மாட்டும் கூர் மூக்கைக் கழற்றிவிடுங்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நடுத்தோலில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டத்தில் தோல் ஒட்டியிருக்கும் விளிம்பில் காற்றை நிறுத்திவைத்தால் பசை விட்டுப்போகும். சத்தம் 'தொப்' என்பதிலிருந்து 'டங்' என்று மாறியதும் அணைத்துவிடலாம். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் தோல் கிழியும். குளிர் காற்றுப் பட்டன் நமக்கு எதற்கும் ஆகாது.

பெரிய குறை இரைச்சல். கச்சேரியில் செல்லோ தனியாக மெல்ல இழுக்கிற இடத்தில்தான் எனக்கு ஓய்வு, தோலுக்குச் சூடு தேவைப்படுவதும் அப்போதுதான். திரைக்குப் பின்னால் டிரையர் போட்டால் முதல் வரிசைக்குக் கேட்கும். அதனால் ஒப்பனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்ச வேண்டியிருக்கிறது. கொடையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம் இருக்கும். ஒருவன் ஓலைக்குப் போனாலும் இன்னொருவன் தாளத்தை விடாமல் நிற்பான். இந்த மாதிரிக் குழுக்கள் ஒருவனுக்குத்தான் டிக்கெட் போடுகின்றன. அடுத்த முறை இரண்டு பேராகத்தான் வருவோம் என்று சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.

வெளியூர் மின்சாரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் நம்மைப் போலவே 230 வோல்ட்தான், ஆனால் பிளக் துளை நீள்சதுரம், மாற்று முனை ஒன்று போதும். அமெரிக்காவில் 120 வோல்ட். இங்கே வாங்கிய டிரையரை அங்கே செருகினால் சூடு ஏறத்தாழ கால்வாசியாகக் குறைந்துவிடும், அதில் மகுடம் இறுகாது. அங்கே போகிறவர்கள் இரண்டு வோல்டேஜிலும் ஓடும் பயண டிரையர் வாங்குவது நல்லது.

பறை, உடுக்கை என்று தோல் கருவி எதையாவது தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ஊர்க் கொடைக்கு வேண்டாம், ஓலையே போதும். இதன் வயர் குட்டை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.