கையேடு ஒன்று, வண்டிகள் இரண்டு: ஆல் வீல் டிரைவ் ஹைப்ரிட் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

சிறிய ரக எஸ்யூவி ஒன்றை ஹைப்ரிட்டாகவும் (எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது) ஆல் வீல் டிரைவாகவும் வாங்கப் போய், முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் வண்டியோடு வீடு திரும்பியவன் நான். என் வீட்டுக்குச் செல்லும் பாதை செங்குத்தான மண் சரிவு என்பதால், நான்கு சக்கரங்களும் இழுக்க வேண்டும் என்பதை ஷோரூமில் நுழைந்தவுடனேயே சொல்லியிருந்தேன். விற்பனையாளர் கையேட்டை விரித்து, "இந்த மாடல்ல ஹைப்ரிட் இருக்கு சார், ஆல் வீல் டிரைவும் இருக்கு" என்றார். இரண்டும் உண்மைதான். ஆனால் அவை ஒரே வண்டியில் இல்லை. முழு ஹைப்ரிட் வேரியன்ட் முன் சக்கர இயக்கத்தில் மட்டுமே வந்தது, ஆல் வீல் டிரைவோ வேறொரு எஞ்சினோடு வந்தது. கையேட்டின் ஒரே பக்கத்தில் இரண்டும் அச்சாகியிருந்ததால், நானும் அதை ஒரே வண்டியின் விவரமாகவே படித்துக்கொண்டேன்.

என் சந்தேகத்தைத் தீர்க்க, கியருக்கு அருகில் பனி, சேறு, மணல் என்று படம் போட்டிருந்த குமிழ் ஒன்றை அவர் திருப்பிக் காட்டி, "சேத்துல வெச்சா நாலு வீலும் பிடிச்சுக்கும்" என்றார். இது அரை உண்மைகூட அல்ல, முழுப் பொய். முன் சக்கர இயக்க வண்டிகளிலும் இத்தகைய குமிழ்கள் வருகின்றன. அவை ஆக்ஸிலரேட்டருக்கு எஞ்சின் எவ்வளவு வேகமாக இணங்க வேண்டும் என்பதை மாற்றும். வெறுமனே சுழலும் முன் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து, விசையை மற்றொரு முன் சக்கரத்துக்குத் திருப்பும். பின் சக்கரத்துக்கு விசை செல்ல வழியே இல்லாதபோது, எந்தக் குமிழாலும் அதை உண்டாக்க முடியாது.

முதல் மழையிலேயே குட்டு வெளிப்பட்டது. சரிவின் பாதியில் முன் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. பின்னால் நின்று தள்ளியவர், "பின் வீல் அசையவே இல்லையே" என்றார்.

ஷோரூமுக்குத் திரும்பி, முன்னிருந்து பின் சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் நீண்ட தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வண்டியின் அடியில் இல்லை என்று முறையிட்டேன். "ஹைப்ரிட்ல ஷாஃப்ட் இருக்காது சார், பின்னாடி மோட்டார்தான்" என்று மேலாளர் அமைதியாக விளக்கினார். அவர் சொன்னதுபோன்ற வண்டிகள் உண்மையிலேயே உண்டு என்பதால் ஒரு வாரம் குழம்பிப்போனேன். ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஆர்ஏவி4 ஹைப்ரிட்டின் ஆல் வீல் டிரைவ் வகையில், முன்னிருந்து பின்னுக்கு ஷாஃப்ட் எதுவும் செல்லாது. பின் அச்சில் 40 கிலோவாட் மோட்டார் தனியே இருக்கும். ஹோண்டா சிஆர்-வி ஹைப்ரிட்டின் ஆல் வீல் டிரைவ் வகையிலோ ஷாஃப்ட் வழியாகத்தான் விசை பின்னுக்குப் போகிறது. ஆகவே நடுவில் ஷாஃப்ட் இல்லாததை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. இரு முறைகளுக்கும் பொதுவாக ஒன்று இருந்தே ஆக வேண்டும்: பின் சக்கரம் ஒவ்வொன்றையும் சுழற்ற, பக்கவாட்டில் செல்லும் டிரைவ் ஷாஃப்ட் என்ற சிறு தண்டு. வெளியில் ஒரு மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டினார். பின் சக்கரங்களைச் சுழற்ற அங்கே எதுவுமே இல்லை. மோட்டாரும் இல்லை, அதற்குச் செல்ல வேண்டிய ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிளும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் இதைப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. லிஃப்டில் ஏற்ற மறுக்கும் ஷோரூமில் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து அவர்கள் முன்வைத்த சமாதானம் இதைவிடத் தந்திரமானது. சற்றுக் கூடுதல் பணம் கொடுத்தால் "ஹைப்ரிட் ஆல் வீல் டிரைவ்" வேரியன்ட்டையே மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். விசாரித்ததில் அது மைல்ட் ஹைப்ரிட் என்று தெரிந்தது: பெல்ட்டால் எஞ்சினோடு இணைந்த சிறு மோட்டார் ஒன்று எஞ்சினுக்குத் தோள்கொடுக்குமே தவிர, தனியாக வண்டியை ஓட்டாது. முழு ஹைப்ரிட்டோ நெரிசலில் எஞ்சினை அணைத்துவிட்டு மின்சாரத்திலேயே ஊர்ந்து செல்லும். எரிபொருள் சிக்கனத்துக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். பெயரில் இருக்கும் 'ஹைப்ரிட்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது புக்கிங் படிவத்தை எடுத்து வைத்தார்கள். அதில் மாடலின் பெயர், நிறம், வேரியன்ட் குறியீடு ஆகியவை இருந்தன. கீழே என் கையெழுத்தும் இருந்தது. 'ஆல் வீல் டிரைவ்' என்ற சொல் எங்கும் இல்லை. அந்தக் குறியீடு முன் சக்கர இயக்கத்தைக் குறிப்பது என்று நான் அறிந்திருக்க வேண்டுமாம். இப்போது வாங்க இருப்பவர்கள் எஞ்சின், ஹைப்ரிட்டின் வகை, இயங்கும் சக்கரங்கள் ஆகிய மூன்றையும் ஒரே வரியில், அந்த வண்டியின் சேஸிஸ் எண்ணோடு எழுதி முத்திரையிட்டுத் தரும்படி கேளுங்கள். வாய்மொழியாகத் தாராளமாகப் பேசுபவர்கள் அந்த வரியை எழுதும்போது தயங்கினால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விற்றால் வரும் நட்டம் அதிகம் என்பதால், மழை நாட்களில் அதைச் சரிவின் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து ஏறுகிறேன்.