செயலாய்வுக் கணக்கை வெளியே கொடுக்க நினைக்கும் பயிற்சி மாணவர்களுக்கு

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் பயிற்சி முடிந்து, பாடக்குறிப்பு ஏடுகளுக்குக் கையொப்பம் வாங்க அலைந்துகொண்டிருக்கும் அதே நாள்களில்தான் செயலாய்வு (தன் வகுப்பறைச் சிக்கல் ஒன்றை ஆசிரியரே ஆராய்ந்து பார்ப்பது) அறிக்கையையும் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடியை நம்பியே தொழில் நடத்தும் ஓர் ‘ஆய்வு உதவி’ நிறுவனத்திடம் நான் ஏமாந்தேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை அவர்கள் எளிதில் மாற்றிக்கொள்ளலாம். வேலை செய்யும் முறையை மாற்றிக்கொள்வார்கள் என்று தோன்றவில்லை. எனவே அந்த முறையைச் சொல்கிறேன்.

தாள் மடிப்பின் மூலம் பின்னங்களைக் கற்பித்தால் புரிதல் கூடுகிறதா என்பதே என் ஆய்வு. ஆறாம் வகுப்பில் 38 பேருக்கு 25 மதிப்பெண்ணுக்கு முன்தேர்வு வைத்தேன். மூன்று வாரம் கற்பித்தபின் நடத்திய பின்தேர்வுக்கு நான்கு பிள்ளைகள் வரவில்லை. புள்ளியியல் என்றாலே எனக்கு நடுக்கம். முன்னாள் மாணவர் ஒருவர் அந்த நிறுவனத்தைப் பரிந்துரைத்தார் (ஆள் பிடித்துத் தந்தால் அவருக்குத் தரகு உண்டு என்பது பின்னரே தெரியவந்தது). பாதித் தொகையை முன்பணமாகக் கட்டி, பிள்ளைகளின் பெயர்களைக்கூட நீக்காமல், மதிப்பெண் பட்டியலை அப்படியே அனுப்பிவைத்தேன். முன்பின் தெரியாத ஒருவர் கையில் அந்தப் பெயர்களைக் கொடுத்ததை நினைத்தால், பணம் போனதைவிட அதிகமாக இன்றும் உறுத்துகிறது.

பத்து நாள் கழித்து, மீதித் தொகையையும் பெற்றுக்கொண்ட பிறகு, அழகாக அச்சிட்ட இயல் ஒன்று வந்து சேர்ந்தது. முன்தேர்வுச் சராசரி 17.40, பின்தேர்வில் பெரும் முன்னேற்றம், 0.01 மட்டத்தில் பொருளுடைய வேறுபாடு (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டால் இப்படி வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு) என்றெல்லாம் அதில் இருந்தது. நான் மகிழ்ச்சியோடு அறிக்கையில் சேர்த்து ஒப்படைத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த அட்டவணையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பின்தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். 34 என்றேன். அப்படியென்றால் அட்டவணையில் இரண்டு இடங்களிலும் 38 என்று இருப்பது எப்படி என்றார். வராத நான்கு பிள்ளைகளுக்கு யாரோ மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அடுத்து, இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் டி-சோதனையின் வரையற்ற பாகை (மதிப்பெண்களின் எண்ணிக்கையிலிருந்து பெறப்படும் ஓர் எண்) 74 என்று அச்சாகியிருந்ததைக் காட்டினார். ஒரே பிள்ளைகளை இரண்டு முறை சோதித்தால் இணைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். என் ஆய்வில் அது 33. தொடர்பில்லாத இரண்டு வகுப்புகளை ஒப்பிடுவதுபோல 38ஐயும் 38ஐயும் கூட்டி இரண்டைக் கழித்தால்தான் 74 வரும். சோதனையே வேறு என்பதை அந்த ஓர் எண் காட்டிக்கொடுத்துவிட்டது.

அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டது. பின்னர் உட்கார்ந்து பார்த்தபோது இன்னொன்றும் புலப்பட்டது. முழு எண்களாகவே மதிப்பெண் போட்ட ஒரு தேர்வின் சராசரியை மாணவர் எண்ணிக்கையால் பெருக்கினால், தசமத்தைச் சுருக்கியதால் வரும் சிறு வேறுபாடு போக, முழு எண்தான் வர வேண்டும். 661ஐ 38ஆல் வகுத்தால் 17.39, 662ஐ வகுத்தால் 17.42, இடையில் 17.40க்கு வழியே இல்லை. நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இருவர் 2016இல் ‘கிரிம்’ என்ற பெயரில் முன்வைத்த சரிபார்ப்பு இதுதான். பெருக்கத் தெரிந்த எவரும் செய்யலாம். நிறுவனத்தார் இலவச இணைப்பாக எழுதித் தந்த முன்னுரையோ, உளவியலாளர் கர்ட் லெவின் 1953இல் செயலாய்வைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்ததாகச் சொன்னது. லெவின் 1947இலேயே மறைந்துவிட்டார். 1953இல் பள்ளிச் செயலாய்வு பற்றி நூல் எழுதியவர் ஸ்டீபன் கோரே.

நிறுவனத்திடம் கணக்கிட்ட மூலக்கோப்பைக் கேட்டேன். அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். பிறகு பதிலே இல்லை. கட்டணம் பேசும்போதே மூலக்கோப்பைக் கேளுங்கள். எந்தச் சோதனை, ஏன் அந்தச் சோதனை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். நானே விரிதாளில் 34 வேறுபாடுகளையும் எழுதி, அவற்றின் சராசரியைத் திட்டப்பிழையால் (அந்தச் சராசரி தற்செயலாக எவ்வளவு மாறக்கூடும் என்பதன் அளவு) வகுத்துப் பார்க்க இரண்டு மாலைகள்தான் ஆயின. முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மதிப்பெண். அதையே எழுதினேன், ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சென்ற வாரம் இளைய மாணவி ஒருவர், வேறு பெயரில் இயங்கும் ஒரு நிறுவனம் செய்து தந்த அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய ஆய்வு வாசிப்புத் திறனைப் பற்றியது. மாணவர்கள் 52 பேர். முன்தேர்வுச் சராசரி 17.40 என்று இருந்தது. வரையற்ற பாகை 74.